அதிகம் பேர் சொன்ன எண்

செல்லக்கனிக்கான தண்டனையைத் தாழைக்கூடு குடியிருப்பின் மற்ற பதினோரு வீடுகளும் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே சொல்லி முடித்தன. செவ்வாய்க் கிரகத்தில் வழக்கு விசாரணை என்றால் அவ்வளவுதான். காதுமடலுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிச்சில்லு வழக்கை நிதானமாக ஒப்பிக்கும். கடைசியில் ஒரு எண் கேட்கும். வீட்டுக்கு ஒருவர் வாய் கொப்பளித்துவிட்டோ கொப்பளிக்காமலோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். வக்கீலும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. சொன்ன எண்களில் எது அதிகம் பேர் வாயில் வந்ததோ அதுவே தீர்ப்பு. அதற்கு முகடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள்.

முகட்டுக்கு முன்னால் சராசரி இருந்தது. எல்லாருடைய எண்களையும் கூட்டி, வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஒருமுறை கடுப்புப் பிடித்த மனிதர் ஒருவர், தன் வீட்டுச் சுவரைக் கீறிய பையனுக்குத் தொள்ளாயிரம் நாள் என்று சொல்லிவைத்தார். மற்றவர்கள் இரண்டு, மூன்று என்று சொல்லியும் சராசரி கிடுகிடுவென்று ஏறிவிட்டது. அன்றோடு சராசரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார்கள். ஒற்றை ஆளின் பொல்லாப்பு முகட்டை அசைக்காது, ஊர் ஒத்துச் சொன்னால்தான் அது முகடு என்று எல்லோரும் நம்பினார்கள். செல்லக்கனியும் நம்பினாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். குடியிருப்புக்கெல்லாம் சூடு அனுப்பும் அனல்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. மகள் செவ்வந்திக்கு வளைகாப்பு நடந்த அன்று விருந்துக்கூடத்தில் குளிரில் பல் கிட்டியது. வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே வளையல் போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பொதுத்தோட்டத்துக்குப் போகும் சூட்டைக் கொஞ்ச நேரம் விருந்துக்கூடத்துக்குத் திருப்பிவிட்டாள். மாசானம் வீடு தவிர மற்ற பத்து வீடும் வந்திருந்தது. கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலவைச்சாதம் சாப்பிட்டார்கள். மறுநாள் பார்த்தால் தோட்டத்துத் தக்காளிச் செடி முழுவதும் கருகிக் கிடந்தது.

தண்டனை என்றால் வடதுருவப் பனிச்சுரங்கம். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. செவ்வந்திக்குப் பிரசவத்துக்கு இன்னும் அறுபது நாள் இருந்தது. தலைப்பிரசவம், அதுவும் செவ்வாயின் அரைகுறை ஈர்ப்பில். பக்கத்தில் அம்மா இருந்தே ஆகவேண்டும் என்று பெண் இப்போதே அழுதுகொண்டிருந்தாள். பத்தோ பதினைந்தோ நாள் போட்டால் போய்வந்துவிடலாம் என்று செல்லக்கனி தைரியமாகத்தான் இருந்தாள். எண் சொல்பவர்கள் யார்? அவள் கையால் விருந்து சாப்பிட்டவர்கள்தானே.

தீர்ப்பைத் தராசு அறிவித்தது. தராசு என்பது நீதிக்கூடத்து இயந்திரத்தின் பெயர்.

“முகடு: நூற்றெண்பது நாள்.”

யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்க செல்லக்கனிக்கு உரிமை இருந்தது. கேட்டாள். தராசு முதலில் எட்டு வீடுகளைச் சொன்னது. அவளுடைய உயிர்த்தோழி பிச்சம்மாள் பத்து நாள் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது என்று ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தார்கள். இரக்கம் ஏழெட்டு வீட்டில் இருந்தது, ஒரே எண்ணில் இல்லை. நூற்றெண்பதை மட்டும் இரண்டு வீடுகள் சொல்லியிருந்தன. பதினொன்றில் இரண்டு, அவ்வளவுதான். வேறு எந்த எண்ணும் இரண்டு தடவை வராததால் அந்த இரண்டே முகடாகிவிட்டது. இதே எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் நாற்பத்து நான்கு நாளோடு போயிருக்கும். வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்திருந்தால் பதினைந்துதான்.

“அந்த ரெண்டு வீடு எது? ஒண்ணு மாசானம் வீடுதான?”

“இல்லை. மாசானம் சொன்னது பூச்சியம்.”

அவளால் நம்ப முடியவில்லை. மாசானத்துக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குழாய் ரிப்பேருக்காக அவன் வீட்டுச் சூட்டை நிறுத்தியதில் வந்த சண்டை.

“ஒன்று, உடற்பயிற்சிக்கூடத்து நல்லையா வீடு. இன்னொன்று உங்கள் மருமகன் இளவரசு வீடு” என்றது தராசு.

நேரே மகள் வீட்டுக்குப் போனாள். இளவரசு கதவைத் திறந்ததும் முகம் வெளிறிப்போனான்.

“மாப்பிள்ளை, நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்?”

“ஐயோ அத்தே, சத்தியமா உங்க கேசுன்னே தெரியாது. காலைல அவ வாந்தி எடுத்துட்டிருந்தா. இது காதுல நச்சு நச்சுன்னு பேசிட்டே இருந்திச்சு. கடைசில, ‘ஓர் எண் சொல்லுங்கள், எடுத்துக்காட்டாக நூற்றெண்பது’ன்னிச்சு. வாய மூடட்டுமேன்னு அதையே சொல்லிட்டேன். எல்லாக் கேசுக்கும் அப்பிடித்தான் சொல்லுவேன். நல்லையா அண்ணனும் அப்பிடித்தான்.”

செவ்வந்தி உள்ளேயிருந்து ஓவென்று அழுதாள். எடுத்துக்காட்டு என்று நூற்றெண்பதை யார் எப்போது வைத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எடுத்துக்காட்டுத்தானே, அதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

அடுத்துப் போன வீட்டில் பிச்சம்மாள் செல்லக்கனியைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

“நீ ஏன்ட்டி பத்துன்னு சொன்ன? பூச்சியம்னு சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருப்பேன்ட்டி. சிநேகிதிக்குப் பூச்சியம் சொன்னா, ஓரவஞ்சனைன்னு பேசமாட்டாவளா? மத்தவ்வ எல்லாரும் பூச்சியம்தான் சொல்லுவாவ, நாம ஒருத்தி பேருக்குப் பத்துன்னு வைப்போம்னு நெனச்சேன்.”

மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். நல்லவர் என்ற பெயரும் வேண்டும், நடுநிலை என்ற பெயரும் வேண்டும். பூச்சியத்தை அடுத்த வீட்டுக்காரர் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொருவரும் விட்டிருந்தார்கள்.

கடைசியாக, மனமில்லாமல், மாசானத்தின் கதவைத் தட்டினாள்.

“நன்றி சொல்ல வந்தியோ? ஒண்ணும் வேண்டாம்” என்றான் மாசானம். “ஒன்ன ஒரு வருசம் உள்ள தள்ளணும்னுதான் ஒக்காந்து முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். சூட்ட நீ வேளைக்கு மறுபடி தோட்டத்துக்கே திருப்பி விட்டுட்ட. தோட்டத்து வெப்பமானி செத்துப்போயி, அதுதான் குழாயத் தொறக்கல. ஒம்மேல தப்பே இல்ல. தப்பில்லாதவளுக்கு எப்பிடி நாள் சொல்லுதது? வயித்தெரிச்சலாத்தான் இருந்திச்சு.”

செல்லக்கனி குற்றமற்றவள் என்பது வழக்கு விவரத்திலேயே இருந்தது. பதினோரு வீடுகளின் காதுக்குள்ளும் அது ஒலித்திருக்கிறது. கேட்டவன் அவளுக்கு ஆகாதவன் ஒருவன்தான்.

மறுபடி கேட்கச் சொல்லி முறையிட ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அன்று சாயங்காலம் பத்து வீட்டுக்காரர்களும் விருந்துக்கூடத்தில் கூடினார்கள். நாளைக் காலையில் எல்லோரும் பூச்சியம்தான் என்று கையடித்துச் சத்தியம் செய்தார்கள். பிச்சம்மாள் தன் பிள்ளை தலைமேல் அடித்தாள். நல்லையா வெட்கப்பட்டு செல்லக்கனியின் காலில் விழப்போனார்.

மனு கொடுக்கப் போனபோது தராசு ஒரு விதியை வாசித்தது. “மறுவிசாரணையில் எடுத்துக்காட்டு எண்ணைக் குற்றம் சாட்டப்பட்டவரே தரலாம்.” குற்றவாளிக்கு ஏதாவது ஒரு மரியாதை இருக்கட்டும் என்று முன்னோர் வைத்த விதி. இதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

பூச்சியம் என்று சொல்ல வாயெடுத்தாள் செல்லக்கனி. உடனே நிறுத்திக்கொண்டாள். பூச்சியத்தை எடுத்துக்காட்டாக வைத்தால் விடுதலை நிச்சயம். ஆனால் தனக்காகச் சொன்னார்களா, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னார்களா என்று சாகும்வரை தெரியாது. அது தெரியாமல் இனி இவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க அவளால் முடியாது. பிரசவத்துக்கு இருப்பதோ அறுபது நாள்.

“ஐம்பத்து மூணு” என்றாள்.

சத்தியம் நின்றால் பூச்சியம் ஜெயிக்கும். நிற்காவிட்டாலும் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னதாக வந்துவிடலாம். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். சத்தியம் நிற்கும் என்றுதான் உள்ளூர நினைத்தாள்.

காலையில் தராசு முகட்டைச் சொன்னது. ஐம்பத்து மூன்று.

பூச்சியம் சொன்னவர்கள் மூன்றே பேர். மாசானம், இளவரசு, நல்லையா. நான்கு பேர் இரண்டு, ஐந்து, எட்டு, பதினான்கு என்று பழையபடி நடுநிலை காத்திருந்தார்கள். சத்தியம் செய்தது செய்ததுதான், இருந்தாலும் மொத்தமாகப் பூச்சியம் என்றால் நன்றாக இருக்காதே. மீதி நான்கு வீடுகள் ஐம்பத்து மூன்று. அந்த நான்கில் தராசு முதலில் சொன்ன பெயர் பிச்சம்மாள்.

பனிவண்டி புறப்படும் இடத்துக்குக் குடியிருப்பே திரண்டு வந்துவிட்டது. அழாத கண் இல்லை. இளவரசு செவ்வந்தியைத் தாங்கிப் பிடித்து நின்றான். மாசானம் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

“எடுத்துக்காட்டு தந்தது நீன்னு செவிச்சில்லு சொல்லிச்சு. பூச்சியம்னு வச்சிருந்தா இந்நேரம் வீட்ல இருந்திருப்பியே. கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

“தெரிஞ்சுக்கிடணும்னு தோணிச்சு அண்ணாச்சி.”

“தெரிஞ்சு என்னத்தக் கண்ட?” என்று முணுமுணுத்துவிட்டு அவன் போய்விட்டான்.

பிச்சம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய புளியோதரையை அவள் மடியில் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எந்தச் சண்டாளி ஐம்பத்து மூணுன்னு சொன்னாளோ, அவ வாய் அழுகிப்போவும் பாரு” என்றாள்.

இந்த வாயை இங்கேயே, எல்லார் முன்னாலும் கிழித்துவிட வேண்டும் என்று செல்லக்கனிக்கு இருந்தது.

“நீ என்னட்டி சொன்ன?”

“என்னக் கேக்கியா? பூச்சியம்தான். எம் பிள்ள மேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு மாத்திச் சொல்லுவேனா?”

செல்லக்கனி அவள் கண்களையே உற்றுப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பழகிய கண்கள். பிச்சம்மாள் பொய் சொன்னால் இடது இமை துடிக்கும். தோழியாகப்பட்டவளுக்கு அது தெரியாதா? பார்த்துக்கொண்டே இருந்தாள், இமை துடிக்கவில்லை. பிச்சம்மாள் பொய் சொல்லவில்லை. பூச்சியம் என்று சொன்னதாகவே அவள் மனதார நம்பிக்கொண்டிருந்தாள். காலையில் பல் தேய்த்தபோது தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்கே தெரியாது.