பாலாவிக்கு வராத நான்கு கடிதங்கள்

"என்ட மகள்ட கடிதத்தை ஒளிச்சவன் ஆரெண்டு எனக்குத் தெரியும் மிஸ். நீங்க அவனக் கையும் களவுமாப் பிடிச்சுத் தந்தாப் போதும்."

வந்தவள் கதிரையில் முழுதாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் கதையின் முடிவைச் சொல்லிவிட்டாள்.

புத்தளம் நகரில் ஹுனைஸின் போன் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பொலிஸிலிருந்து ஓய்வு பெற்ற அல்பொன்சா அங்கேதான் விசாரணைத் தொழில் நடத்தினார். தொழில் என்ன பெரிய தொழில்! மாப்பிள்ளை குடிப்பாரா, முதல் தாரம் எங்கேயாவது உயிரோடு இருக்கிறதா, இவ்வளவுதான். ஆகவே களவு என்ற சொல் காதில் விழுந்ததும் ஹுனைஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டான். உடைந்த போனோடு வந்தவர்கள் காத்துக் கிடக்கட்டும்.

"முதல்ல இருங்க தங்கச்சி. பேர்?"

"றுக்கியா."

"எந்த ஊர்?"

"மறிச்சுக்கட்டி."

"மன்னாரிலிருந்தா வாறீங்க?"

"இல்ல மிஸ், பாலாவியிலிருந்து. தொண்ணூறில எங்கட ஆக்களை வடக்கிலிருந்து துரத்தினப்ப உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு வந்தம். இஞ்சதான் கலியாணம், இஞ்சதான் பிள்ளை. எண்டாலும் ஊரைக் கேட்டா ஊரைத்தானே சொல்லணும்?"

அல்பொன்சா தலையசைத்தார். ஹுனைஸுக்கோ பொறுமை இல்லை. களவைப் பற்றிக் கேட்காமல் இந்த அக்கா ஊர்க்கதை கதைக்கிறாவே என்று இருந்தது.

றுக்கியா ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் அனுமதிப் பிரிவின் பொறுப்பாளர். அந்த வருடம் கல்லூரி மாணவர் சேர்ப்புக்கென்று புதிய மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தது. இடம் கிடைத்தவர்களுக்குப் போகவேண்டிய மாதிரிக் கடிதத்தை அதில் அமைத்தவள் அவள்தான். விண்ணப்பத்தில் உள்ள விபரங்களை எடுத்து, பெயரும் விலாசமும் அந்தந்த இடத்தில் தானாக வந்து விழும். இரண்டு கிழமைக்குள், பதினான்கு நாளுக்குள், பதில் வராவிட்டால் மென்பொருளே அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடும்.

"என்ட மகள் அமானியும் இலவச இடத்துக்குப் போட்டவ. அதால நான் அதிபர்ட்ட போய், தெரிவுப் பட்டியல் என்ட கண்ணுக்கே வேணாமெண்டு சொல்லிட்டன். நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது பாருங்க. அது முடியிற வரைக்கும் கொம்பியூட்டர்ப் பக்கமே போகல்ல."

கடிதம் வரவில்லை. தெரிவாகவில்லை என்று நினைத்து அமானி இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழும்பி, ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த குவைத் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டு வேலை. இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது.

"வகுப்புத் தொடங்கின அண்டைக்கு அதிபர் கேட்டார் மிஸ், 'உங்கட மகள் ஏன் இடத்தை வேணாமெண்டவ?' எண்டு. அவ பிளேன் ஏறி ஒரு கிழமை!" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இலவச இடம் இந்த ஒரு தொகுதிக்கு மட்டும்தான். இனி இல்ல."

"அந்த இடம் ஆருக்குப் போனது?"

"எங்கட கந்தோர்ல வேலை செய்யிற நௌஃபர்ட அண்ணன்ட மகளுக்கு. கடிதங்களை அச்சடிச்சு, கவரில போட்டுத் தபாலில சேர்த்தது நௌஃபர்தான்!"

ஹுனைஸ் தொடையில் தட்டினான். "வேற என்னக்கா வேணும்?"

அல்பொன்சாவுக்கு வேறு சில விடயங்கள் வேண்டியிருந்தன. "பதில் வராத பிள்ளைகள் வேறயும் இருக்கா?"

"இன்னும் மூண்டு பேர். எல்லாரும் எங்கட குடியேற்றத்துப் பிள்ளைகள்தான்."

"அப்ப பாலாவித் தபால்காரன்ல பிழையோ?"

"நௌஃபர்ட அண்ணன் வீடு எங்கட அடுத்த வீதி மிஸ். அதே தபால்காரன்தான். அவங்களுக்குக் கடிதம் வந்ததே!"

"மாதிரிக் கடிதத்தை ஒருக்காச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? நௌஃபர்ட விபரத்தைப் போட்டே ஒரு கடிதம் அனுப்பினன். அவர் புத்தளத்தார், பரம்பரை வீடு. சரியா வீட்டு வாசலுக்குப் போச்சு."

ஒரு கடிதத்தை மட்டும் எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று நான்கை ஒளித்திருக்கிறான் என்று ஹுனைஸ் முடிவு கட்டினான். முடிவு கட்டியதோடு நின்றானா? பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நாலு பேரிடம் அவிழ்த்தும் விட்டான்.

அடுத்த நாள் கல்லூரிக் கந்தோரில் நௌஃபரைக் கண்டார்கள். மெலிந்த மனிதன். சக ஊழியர்கள் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்பது நுழைந்தவுடனேயே தெரிந்தது.

"வல்லாஹி, எல்லாத்தையும் போட்டன் மிஸ். இந்தா, இப்பிடியான கவர்." முன்பக்கம் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த உறை. "விலாசம் இந்த ஜன்னலுக்குள்ளால தெரியும். நான் ஒண்டும் எழுதல்ல. மன்னார், சிலாபம், கற்பிட்டி, எல்லா இடத்துக்கும் இரிந்திச்சி. கட்டுக்கட்டாக் கொண்டுபோய்க் குடுத்தன்."

"மன்னாருக்கும் போனதா?"

"ஓம், சிலது. அங்கருந்தும் பிள்ளைகள் வாறதுதானே."

"கள்ளன் எண்டா இப்பிடித்தான் சத்தியம் பண்ணுவான்" என்று வெளியே வந்ததும் ஹுனைஸ் முணுமுணுத்தான். மறுநாள் அல்பொன்சா அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். இரவு திரும்பியபோது காலில் போட்ட சப்பாத்தெல்லாம் செம்மண் புழுதி. எங்கே போனீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. களவைக் கண்டுபிடித்த ஆளுக்கு முகத்தில் ஒரு சந்தோசமாவது இருக்க வேண்டாமா? அவர் முகம் மையத்து கிடக்கும் மரண வீட்டுக்குப் போய் வந்தவரைப் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் றுக்கியாவின் கந்தோரில் கூடினார்கள். ஒரு மூலையில் நௌஃபர். மறுமூலையில் அவனைப் பார்க்காமல் றுக்கியா. ஹுனைஸ் கதவில் சாய்ந்து நின்றான், நௌஃபர் ஓடினால் பிடிப்பதற்கு.

"வகுப்பில மன்னாரிலிருந்து வந்த பிள்ளை எத்தினை?" என்று அல்பொன்சா தொடங்கினார்.

"ஒருத்தரும் இல்ல" என்றாள் றுக்கியா.

"ஆனா மன்னாருக்குக் கடிதம் போயிருக்கு. நௌஃபர் கையால கொண்டுபோய்க் குடுத்திருக்கார். அப்ப அந்தக் கடிதங்கள் ஆருக்கு?"

நௌஃபர் நிமிர்ந்து பார்க்க, அல்பொன்சா தொடர்ந்தார்.

"நௌஃபருக்கு உங்கட மகள்ட இடத்தில ஆசை வரலாம். மற்ற மூண்டு பிள்ளையிட இடத்தில அவருக்கு என்ன இருக்கு? அந்த மூண்டும் வேற ஆக்களுக்குப் போயிருக்கு. ஒரே தபால்காரன், ஆனா ஒரு வீதிக்குக் கடிதம் வந்திருக்கு, அடுத்த வீதிக்கு வரல்ல. வந்த வீடுகள் எல்லாம் இந்த ஊர்ப் பரம்பரை. வராத நாலும் தொண்ணூறில வந்த குடும்பம். தபால்காரனுக்கு அந்த வித்தியாசம் இல்ல, நௌஃபருக்கும் இல்ல. அந்த வித்தியாசம் விண்ணப்பத்தில மட்டும்தான் இருக்கு." றுக்கியா பக்கம் திரும்பினார். "விண்ணப்பத்தில எத்தினை விலாசம் கேட்கிறீங்க றுக்கியா?"

"ரெண்டு. நிரந்தர விலாசம், தற்காலிக விலாசம்."

"நௌஃபர் ரெண்டிலயும் என்ன எழுதுவார்?"

"ஒரே வீட்டைத்தான்."

"நீங்க?"

பாலாவியில் வீடு கட்டி, கூரை போட்டு, மாமரம் காய்த்து, பிள்ளையும் வளர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த வீடு எப்போதும் விண்ணப்பத்தின் இரண்டாவது பெட்டியில்தான், தற்காலிகமாக. பழைய ஊரில் உள்ள காணியும் வாக்குரிமையும் போய்விடக்கூடாது என்று அந்தக் குடியேற்றமே அப்படித்தான் எழுதும். அமானி கண்ணால் இரண்டு தடவைகூடக் காணாத ஊர் முதல் பெட்டியில்.

அல்பொன்சா தன் போனை மேசையில் வைத்தார். படத்தில் ஒரு பெட்டிக்கடை, ஒரு பழைய பிஸ்கட் டின், அதற்குள் ஜன்னல் வைத்த நான்கு உறைகள். மேலே இருந்ததில் அமானியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"மறிச்சுக்கட்டியில ரஸாக் காக்காட கடை. விலாசத்தில ஆளில்லாத கடிதத்தை எல்லாம் தபால்காரர் அங்கதான் குடுப்பாராம். பெருநாளைக்கு உங்கட ஆக்கள் ஆராவது ஊர் பார்க்க வருவாங்களாம், அப்ப குடுத்து விடலாமெண்டு பத்திரமா வெச்சிருக்கிறார்."

"மாதிரிக் கடிதத்தில எந்த விலாசம் விழவேணுமெண்டு..." நௌஃபர் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"நான்தான்" என்றாள் றுக்கியா. "நான்தான் தெரிவு செஞ்சன். ரெண்டையும் காட்டி எது எண்டு கொம்பியூட்டர் கேட்டிச்சு. கொஞ்சமும் யோசிக்கல்ல மிஸ். நிரந்தரம் எண்டா அதுதானே எங்கட வீடு."

ஹுனைஸுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நௌஃபரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நௌஃபரோ யாரையும் பார்க்கவில்லை. "தாங்க ராத்தா, நான் மாத்தி விடுறன்" என்று கொம்பியூட்டர்ப் பக்கம் எழும்பினான்.

"வேணாம் தம்பி. உங்கட முகத்தில முழிக்கவும் எனக்குத் தகுதி இல்ல. நானே மாத்துறன்."

மாதிரிக் கடிதத்தைத் திறந்தாள். முதல் விலாசத்தை அழித்தாள். இரண்டாவதைத் தெரிவு செய்தாள். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும். இந்த முறை நௌஃபரின் பெயரைப் போடவில்லை.

அச்சு இயந்திரம் ஒரு தாளை வெளியே தள்ளியது. அமானியின் பெயர், கீழே பாலாவி விலாசம். தாங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம்.

றுக்கியா அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் குவைத்தில் அந்த வீட்டுக்காரி அமானியைக் கதைக்க விடுவாள்.

அல்பொன்சா எழுந்து வெளியே நடந்தார். நௌஃபரும் பின்னால் போனான். ஹுனைஸ் கதவைச் சாத்தப் போனபோது, போன் வழியே தூரத்திலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது.

"உம்மா, ஒளிச்சது ஆரெண்டு தெரிஞ்சிச்சா?"

"ஓம் மகள்" என்றாள் றுக்கியா. "தெரிஞ்சிட்டு."