முழங்கை மடிப்பில் யோயின்

முனிலட்சுமியின் முழங்கை மடிப்பில் அவளுடைய வாசனை இல்லை.

ஓசூர் கார் சீட் கம்பெனியில் அவளுக்கு மூக்குதான் வேலை. சூடாக்கிய கண்ணாடிப் பாட்டிலைத் திறந்து, உள்ளே கிடக்கும் துணித்துண்டை முகர்ந்து, நாற்றத்துக்கு மார்க் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தால் மூக்கு பழையபடி ஆகிவிடும். பயிற்சி கொடுக்க வந்த ஜப்பான்காரர் ஒரு சின்ன வெண்கல மணியைத் தட்டினார். ஓசை அடங்கிய பிறகும் எது நிற்கிறதோ அதற்குப் பெயர் யோயின், அழகே அதில்தான் என்றார். பாட்டிலை மூடிய பிறகு மூக்கில் நிற்பதற்குத்தான் மார்க்காம். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. மகளைத் தூங்கவைத்த பிறகு கையில் மிஞ்சும் பால்வாடையைக்கூட அப்படித்தான் சொல்வாள்.

அன்று காலையில் வந்த துணி, பூட்டிய காருக்குள் ஆள் செத்து, யாரும் பார்க்காமல் ஊறிப்போன சீட்டிலிருந்து வெட்டியது. கழுவியாயிற்று, மிச்சம் உண்டா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் வெதுவெதுப்பாக, தித்திப்பாக ஒன்று தொண்டைவரை இறங்கியது. மூச்சை வெளியே விடத் தோன்றவில்லை. அப்படியே முகத்தைக் கைமடிப்பில் புதைத்து, அங்கேதான் விட்டாள். அடுத்த பாட்டிலுக்கு முன் மடிப்பை முகர்ந்தபோது அதே தித்திப்பு அங்கிருந்தே வந்தது.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலயேக்கா," என்றாள் அவள் நீட்டிய கையை முகர்ந்த பக்கத்து மேசை சுவாதி. "மூக்கு இருக்கிற வரைக்கும் சளிதான், வுடு."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சோப்பு, எலுமிச்சம்பழம், டெட்டால் என்று தோல் சிவக்கத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்த வாடை பழுத்தது.

வீட்டில் புருஷன் விமல்ராஜ் முகர்ந்து பார்த்தான். "சோப்பு வாசந்தான் வருது. பாப்பா காத்தாலருந்து உன்னத் தேடி அழுதுட்டு கெடக்குது, எடு மொதல்ல."

தொட்டால் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்று பின்வாங்கினாள். சுவரோடு சுவராக நின்றாள். குழந்தை வீறிட்டது. பெற்றவள் எவ்வளவு நேரம்தான் தாங்குவாள். மடிப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கினாள்.

அழுகை நின்றது. குழந்தை துண்டை விலக்கி, மூக்கை மடிப்பில் புதைத்து, இழுத்து இழுத்து முகர்ந்தது. தூங்கிவிட்டது.

கை வெதுவெதுத்தது. தித்திப்பு ஏறியது. ஒரு ஈ. இன்னொன்று.

மெதுவாகக் குழந்தையின் தலையைத் தூக்கினாள். கன்னம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கன்னத்தோடு சேர்ந்து, பாலேடு மாதிரி, அவள் கைத்தோல் உரிந்து வந்தது.

குழந்தை கண் திறக்காமல் சப்புக்கொட்டியது.