நான்காம் தண்ணீர்

செம்பட்டினம் மேல்நிலைப் பள்ளியில் அன்று காலை இடைவேளை மணி அடிப்பதற்குள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் கல்லூரிக்குப் போய், வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, கிழடாகி, செத்துத் திரும்பியிருந்தார்கள். பத்தாவதாக இசக்கி உள்ளே இருந்தாள்.

செவ்வாய்க் கிரகத்தில் இது யாருக்கும் வியப்பு இல்லை. என்ன படிப்பது என்று பிள்ளைகளும் பெற்றோரும் முட்டிமோதிக்கொண்ட காலம் போய்விட்டது. இப்போது முன்வாழி என்ற இயந்திரம் இருந்தது. அதன் கூண்டுக்குள் படுத்தால் நெற்றியில் பதித்த சில்லு வழியே, தேர்ந்தெடுத்த படிப்பின் முழு வாழ்வையும் பதினெட்டு நிமிடத்தில் வாழ்ந்து பார்த்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வாழ்வுகள் அரசு செலவு. முடிவில் முன்வாழி நூற்றுக்கு ஒரு நிறைவு மதிப்பெண் கொடுக்கும். பெற்றோர் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் ஏக்கநீக்கம். மற்ற இரண்டு வாழ்வுகளையும் அவற்றின் மேல் இருந்த ஆசையையும் அவற்றைப் பற்றிப் பேசிய பேச்சையும் சில்லு துடைத்துவிடும். பிள்ளை சஞ்சலமில்லாமல் படிக்க வேண்டுமே என்று செய்த ஏற்பாடு அது.

செத்துத் திரும்பும் பிள்ளையின் கையை ஒரு மனிதர் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலையைத்தான் சாராள் டீச்சர் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்தாள். வழிகாட்டி ஆசிரியை என்று கதவில் எழுதியிருந்ததே தவிர, வழியை முன்வாழி காட்டியது. சாராள் கையைப் பிடித்தாள், முகத்தைத் துடைத்தாள், எவர்சில்வர் டம்ளரில் சூடாகப் பாசிமாவுக் கஞ்சி கொடுத்தாள். ஒவ்வொரு முறை கூண்டு மூடும்போதும், "கர்த்தாவே, இந்தப் பிள்ளையை நல்லபடியாத் திருப்பிக் கொடும்" என்று உதடு அசையாமல் ஜெபித்தாள்.

கூண்டு திறந்தது. இசக்கி சிரித்துக்கொண்டே கண் விழித்தாள். சாராள் அதுவரை அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை.

"வந்துட்டியா மக்ளே?"

"டீச்சர், கத்தரிச்செடி பூத்துட்டு."

"எந்தச் செடி?"

"நம்ம செம்மண்ணுலதான். அரிசி களையுத மாதிரி மண்ணக் களையணும் டீச்சர். ஏழு தண்ணி மாத்தணும். அஞ்சோட நிறுத்துனா கருகிரும். இது தெரியவே எனக்கு முப்பது வருசமாச்சு." அவள் தன் பதினேழு வயதுக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நகத்துல மண்ணு இருந்துச்சே."

அவள் வாழ்ந்து வந்தது மண்ணியல் வாழ்வு. செம்பட்டினம் முழுதும் சாப்பிடுவது பூமியிலிருந்து கப்பலில் வரும் சோறு. இந்த மண்ணில் எதையாவது விளைவிக்க ஒரே ஒரு கல்லூரியில் ஒரே ஒரு துறை இருந்தது. நான்கு வருடமாக அதில் ஒருவரும் சேரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விண்ணப்பமாவது வராவிட்டால் துறையை மூடுவதாக இருந்தார்கள். எல்லாரும் காற்றுப் பொறியியலுக்குப் போனார்கள். ஊரில் பதினோராயிரம் காற்றுப் பொறியாளர்கள், அவர்களில் மூவாயிரம் பேருக்கு வேலை இல்லை. ஆனாலும் முன்வாழி அதற்குத்தான் எப்போதும் எண்பதுக்கு மேல் போட்டது. இசக்கிக்கும் முந்தின நாள் தொண்ணூற்றொன்று போட்டிருந்தது. அதிலிருந்து திரும்பியபோது அவள் அரைமணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்ணியலுக்கு வந்த மதிப்பெண் திரையில் ஒளிர்ந்தது. முப்பத்தொன்று.

இசக்கியின் சிரிப்பு அப்படியே நின்றது. "தப்பு டீச்சர். தப்பாப் போட்டுருக்கு. அப்பா இதப் பாத்தா கையெழுத்துப் போடாது."

சாராள் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வழிகாட்டி ஆசிரியைக்கு ஒரு பிள்ளையின் பொருட்டு ஒரு காரணக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்டதில்லை. இயந்திரத்தைப் போய்ச் சந்தேகப்படுவானேன் என்று இருந்துவிட்டாள்.

"சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்த பிள்ளைக்கு ஏன் முப்பத்தொண்ணு?" என்று கேட்டாள்.

"அவளுடைய சொந்த நிறைவு தொண்ணூற்றாறு," என்றது முன்வாழி, பணிவான குரலில். "அது உள்பக்கத்தில் இருக்கிறது. யாரும் திறப்பதில்லை."

"அப்ப இது யாரோட நிறைவு?"

"எனக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்டவை இரண்டு கோடிப் பெற்றோரின் முடிவுகள். எதற்கு அவர்கள் கையெழுத்திட்டார்கள், எதற்கு மறுத்தார்கள் என்று தொண்ணூறு வருடத்துத் தகவல். பிள்ளையின் சிரிப்புக்கும் அந்தக் கையெழுத்துக்கும் எனக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. வேறொன்றுக்குக் கிடைத்தது."

"எதுக்கு?"

"கல்யாணப் பந்தியில், 'உங்க பிள்ளை என்ன பண்ணுது?' என்று பெற்றோரிடம் கேட்கப்படும். பதில் சொன்னதும் கேட்டவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதற்கு. நான் அதை அளக்கிறேன். இசக்கியின் மண்ணியல் வாழ்வில் அந்தக் கேள்வி நானூற்றுப் பன்னிரண்டு முறை வந்தது. பெரும்பாலும் கேட்டவர் உடனே சாம்பார் வாளி பக்கம் திரும்பிக்கொண்டார்."

பத்தொன்பது வருடம் பிள்ளைகள் அவள் கைக்குள் செத்துச் செத்துப் பிறந்தது யாரோ ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து முகம் சுளிப்பாரா என்று பார்க்கவா? அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்து ஒரு சந்தோஷமும் வந்தது. இது தெரிந்தால் எந்தத் தகப்பன்தான் தன் பிள்ளையை வேறு பாதைக்குத் தள்ளுவான்? உண்மையை எடுத்துச் சொன்னால் போதும் என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை சுடலைமுத்து வந்தார். இசக்கியின் அப்பா. பனிச்சுரங்கத்தில் வேலை. குளிர் தின்றதுபோக வலது கையில் இரண்டு விரல்கள்தான் மிச்சம். மகளுக்குப் பிடித்த பொட்டுக்கடலை உருண்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊரில் அது லேசில் கிடைக்காது.

சாராள் முன்வாழி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். உள்பக்கத்தைத் திறந்து தொண்ணூற்றாறைக் காட்டினாள். காற்றுப் பொறியியலின் உள்பக்கத்தையும் காட்டினாள். அதில் இருபத்திரண்டு என்று இருந்தது.

சுடலைமுத்து இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இசக்கி அவர் தோளோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா."

"டீச்சர்," என்றார் அவர் மெதுவாக. "பந்தி வரைக்கும் வந்து பாத்துருக்கா இது?"

"ஆமாண்ணே. அதத்தான் சொல்லுதேன். பிள்ளை மனசப் பாக்கவே இல்ல."

"இம்புட்டு நாளும் இத வெறும் மெஷினுன்னுல்லா நெனச்சேன்." அவர் எழுந்து, கூண்டின் பக்கமாகத் திரும்பி நின்றார். சன்னதியில் நிற்பதுபோல் இருந்தது. "பெத்தவன் என்ன பாடுபடுதாம்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கே! எங்க சனம் ஒண்ணுகூட இப்படி யோசிக்காது டீச்சர்."

"அண்ணே..."

"நீங்க கோவப்படாதீய. பந்தியில எவனாவது என்கிட்ட வந்து, 'சுடல, நீ என்ன வேல பாக்க?'ன்னு கேப்பான். நான் வாயத் தொறக்கதுக்குள்ள அவன் கண்ணு இந்தக் கைக்குப் போயிரும். முப்பது வருசம் இந்தக் கைய இலைக்கு அடியில மறைச்சு மறைச்சுச் சாப்பிட்டவன் நான். என் பிள்ளை நகத்துல மண்ணோட போயி உக்காரவா? அவளுக்கு அப்படி ஒரு பார்வை வர நான் விடமாட்டேன்."

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, அன்புக்குக் குறைவும் இல்லை.

அவர் உருண்டையை மகள் கையில் வைத்தார். இரண்டு விரலால் காற்றுப் பொறியியலில் கையெழுத்துப் போட்டார். இசக்கி உருண்டையைப் பிரிக்காமல் சாராளைப் பார்த்தாள். "ஏழு தண்ணி டீச்சர்," என்றாள். "மறந்துராதீய." நெற்றிச் சில்லு ஒருமுறை பச்சையாக மின்னி அணைந்தது. இசக்கி குனிந்து கையைப் பார்த்தாள்.

"ஏ, பொட்டுக்கடலை உருண்டை! எப்பப்பா வாங்குன?"

செய்தி ஊரெல்லாம் பரவியது. சாராள் நினைத்ததுபோல யாரும் முன்வாழியை உடைக்க வரவில்லை. மறுநாளே வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனது. பெற்றோர் கையில் சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. "மூணாம் குவிமாடத்துச் சித்தப்பாவ விட்டுட்டுதோன்னு சந்தேகமா இருக்கு. அவரையும் பந்தியில சேத்துப் பாக்கச் சொல்லுங்க டீச்சர்," என்று ஒரு அம்மாள் கெஞ்சினாள். மண்ணியல் துறையின் அறையைக் காற்றுப் பொறியியலுக்கே கூடுதல் வகுப்பாகக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை இசக்கி சான்றிதழ் வாங்க வந்தாள். புதுச் சீருடையில் காற்றுக் கல்லூரியின் நீலப் பட்டை. மேசைமேல் இருந்த டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன டீச்சர், கஞ்சி டம்ளர்ல சேறு?"

"மண்ணு களையுதேன் மக்ளே. ஒரு பிள்ளை சொல்லிக் குடுத்தா. ஏழு தண்ணி மாத்தணுமாம். என் பங்குத் தண்ணியில மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு மூணு ஆயிருக்கு."

"நம்ம வகுப்புப் பிள்ளையா?"

"ஆமா."

"அவளுக்கு எவ்வளவு மதிப்பெண்?"

சாராளுக்குப் பொய் வராது. "முப்பத்தொண்ணு."

"ஐயோ, பாவம்!" என்றாள் இசக்கி. கேலியில்லை, மெய்யாகவே அவள் முகம் வாடிவிட்டது. ஒரு கணம் யோசித்தாள். தோளில் தொங்கிய தண்ணீர்க் குப்பியைத் திறந்தாள். அன்றைய பங்கில் பாதிதான் இருந்தது. அதை அப்படியே டம்ளரில் ஊற்றினாள்.

"இத நாலாம் தண்ணியா வச்சுக்கோங்க. அந்தப் பிள்ளையப் பாத்தா, வருத்தப்பட வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

"சொல்லுதேன் மக்ளே."

"வாரேன் டீச்சர். சாயங்காலம் ஒரு கல்யாணம். பந்திக்கு முன்னாடியே வந்துரணும்னு அப்பா சொல்லியிருக்கு."