உள்ளே ஆள் உண்டா?

தானாக ஓடும் வேலைகளின் பதிவில் அந்த ஞாயிறு மதியம் ஒரு கேள்வி நின்றது: உள்ளே ஆள் உண்டா?

லுப்வாமா திரைக்கு அருகே குனிந்து மறுபடி படித்தான். தகரக் கூரையில் கம்பாலா மழை இரைந்தது. சர்வர் அறையின் குளிரில் பழகிய தலையெண்ணெய் வாசம் ஒன்று மிதந்தது. அந்தக் கேள்வி அங்கே வரவே கூடாது. மூச்சடைத்துக் கொல்லக்கூடிய தீயணைப்பு வாயுவைத் திறந்து சோதிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவனே அவன்தான். திரைமுன் மனுஷன் உட்கார்ந்து ஷெல் என்னும் கட்டளைத் திரையில் ஓட்டினால் மட்டும் அது கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும். குறித்த நேரத்தில் கடிகாரம் தானாக ஓட்டினால் யாரிடம் கேட்பது? கேட்காமலே கதவைப் பூட்டி வாயுவைத் திறந்துவிடும்.

போன மார்ச்சில் கூட வேலை செய்த நபுகீரா உள்ளே கேபிள் மாற்றிக்கொண்டிருந்தபோது கடிகாரம்தான் ஓட்டியது. நேரம் குறித்த வரியை எடுக்க மறந்தவன் இவன். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள் என்று, விசாரணையில் வாய் கூசாமல் சொன்னான்: "அவளேதான் ஓட்டினா. ஆள் உண்டான்னு கேட்டுச்சு, 'இல்லை'ன்னு கையால அடிச்சா." நேரம் குறித்த அந்த வரியையும் அன்றே அழித்துவிட்டான், படுபாவி.

அழித்த வேலை இப்போது ஓடுகிறது.

வாசல் காவலாளிக்குப் போன் போட்டான். "ஒபோலோட், உள்ள யாரையாவது விட்டியா?"

"நீங்க மட்டும்தான் ஐயா. ஏன், குரல் நடுங்குது? பசியா? முட்டை சுருட்டின சப்பாத்தி, ரெண்டு ரோலெக்ஸ் சுடச் சொல்லட்டா?"

"கதவைத் திற! உடனே திற!"

"திறந்துதானே இருக்கு..." இணைப்பு அறுந்தது.

எண்ணெய் வாசம் நெருங்கியது. நபுகீரா பூசுவது. பிடரிக்குப் பின்னால், அவனுக்கும் கதவுக்கும் நடுவே.

'உண்டு' என்று அடித்தான். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. ஆள் அடிப்பதற்காக மினுங்கிக் காத்திருக்கும் குறியே அவன் ஷெல்லில் இல்லை. திரைமுன் ஆள் இருக்கிறதா என்று ஷெல் தன்னையே சோதிக்கும் ஒரு வரியை அவன் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தான். அதன் விடை மட்டும் திரையில் வந்தது.

ஆள் இல்லை.

"நான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

பக்கத்து மேசையின் திரை ஒளிர்ந்தது. அங்கே காத்திருக்கும் குறி இருந்தது. மினுங்கியது. அதே கேள்வி. காலி நாற்காலி மெல்ல முன்னே நகர்ந்தது.

அந்த விசைப்பலகையில் ஒரு விசை அமுங்கியது. இன்னொன்று. நிதானமாக.

இல்லை.

கதவு பூட்டிக்கொண்டது. கூரைக் குழாய்கள் சீறத் தொடங்கின. கடைசி விசை அமுங்கியபடியே இருந்தது, மேலே எழவில்லை.