இரும்பறையில் பெரட்டு

கணினி அட்டைகள் ஐந்தா, ஆறா என்பது இப்போது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. ஐந்துதான் என்று கடை முதலாளி தவுக்கே சோங் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு என்றான் உடையப்பன். எனக்கும் ஆறு என்றே படுகிறது. ஆனால் நடந்ததையும் பிறகு கேட்டதையும் பிரித்து வைக்க முடியாமல் இரண்டும் கலந்துபோய்விட்டன. எப்படியானாலும், எண்பத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து பதில்கள் வரவேண்டிய திரையில் ஆறு பதில்கள் வந்தன. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் மத்தியாஸ். ஈப்போவில் சோங்கின் கணினிக் கடையில் வேலை. பழைய டவுனில் ஒரு லாரிக் கம்பெனியின் மாடி ஆபீசில் ஐந்து கணினிகளைக் கம்பியால் இணைத்துக் கொடுக்க அவனை அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அடகுக் கடையாக இருந்தது. நகைகளைப் பூட்டி வைத்த பின்னறையைத்தான் கம்பெனிக்காரர்கள் கணினிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள்: தடித்த சுவர், சன்னல் கிடையாது, தூசி கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. கதவின் கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு என்பதால், அட்டைகள் வந்த மரப்பெட்டியை மத்தியாஸ் அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தான்.

கணினிகள் ஒன்றோடொன்று பேச ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அட்டை வேண்டும். புதியது வாங்க மனசில்லாமல், மூடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய ஆபீஸ் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது சோங் பழையதை அள்ளி வந்திருந்தார். தாப்பா பக்கம், ஏழாங்கட்டைத் தோட்டம். பெட்டியின் பக்கவாட்டில் அந்தப் பெயர் கறுப்புச் சாயத்தில் அடித்திருந்தது. சனிக்கிழமை கடையில் அதைப் பார்த்ததும் மத்தியாஸ் பெட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். கணினி படிக்க வருவதற்கு முன்னால் அவன் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவன். ஆபீசில் கணக்கு, ஸ்டோரில் பால் நிறுவை, விடிகாலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்று நாலு வருஷம்.

அட்டைகள் பழையவை, அவற்றின் பேச்சும் பழையது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கறுப்புச் சில்லு; சில்லின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். அட்டை எப்படிப் பேச வேண்டும் என்கிற பாடம் அதற்குள் எழுதியிருக்கும். சன்னலை மூடிய தாளை உரித்து ஊதா விளக்கின் கீழே வைத்தால் பழைய பாடம் அழிந்துபோகும். பிறகு புதியதை எழுதலாம். ஐந்து அட்டைகளுக்கு இதைக் கடையிலேயே முடித்திருந்தான். ஆறாவது அட்டையில் சில்லுகளுக்கு நடுவே செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. தேறாது என்று அதைத் தொடவில்லை. ஆனாலும் பெட்டியோடு அதுவும் வந்து, மேசைமேல் எந்தக் கம்பியும் மாட்டப்படாமல் கிடந்தது.

"என்னாண்ணே, பூச முடிஞ்சு நேரா இங்கயா?" கட்டடத்துக் காவல்காரன் உடையப்பன் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். "எல்ஸி அக்கா ஏசலயா?"

"ஏசாம இருப்பாளா? மாதா கோயில் வாசல்லயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. செவ்வாக்கெழம காலைல எல்லாம் முடிஞ்சு சியாப்பா இருக்கணும்னு தவுக்கே சொல்லிட்டாரு லா."

"நாளைக்கும் லீவுதானே, அதான் ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்ல. இது என்னா செய்யுது இப்ப?"

"பெரட்டு எடுக்குது. நான் இங்கேருந்து ஒவ்வொரு மிஷினா கூப்புடுவேன். அதுங்க 'இருக்கேன்'னு சொல்லும்."

அது மத்தியாஸே எழுதிய சின்ன புரோகிராம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, பெரட்டு என்றே அதற்குப் பெயரும் வைத்திருந்தான்.

"சொல்லலன்னா?"

"கழட்டித் தூக்கிப் போட வேண்டியதுதான்."

"கிராணி புத்தி இன்னும் போகல உங்களுக்கு," என்று உடையப்பன் சிரித்தான். "மழ வரப்போவுது. நான் கீழ வாசல் அஞ்சடியில இருக்கேன். எதும்னா ஒரு கொரல் குடுங்க."

அவன் செருப்புச் சத்தம் மரப்படிகளில் தேய்ந்து இறங்கியது. அதன் பிறகு கணினிகளின் விசிறி இரைச்சலும், முன்பக்கத்து அடைத்த சன்னல்களுக்கு அப்பால் மலையிலிருந்து இறங்கி வரும் இடியின் உருட்டலும், பழைய இரும்பும் சூடேறிய தூசியும் கலந்த வாடையும் தவிர அந்த மாடியில் வேறெதுவும் இல்லை. மத்தியாஸ் அட்டைகளை ஓட்டுகிற புதிய டிரைவர்களை டிஸ்கெட்டிலிருந்து ஒவ்வொரு கணினியிலும் ஏற்றி முடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரட்டை ஓட்டினான். பச்சை எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன.

ஆறு வரிகள்.

கம்பியின் இரண்டு முனைகளிலும் மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன செய்தி முனையில் மோதித் திரும்பி, ஒரே பதில் இரண்டாகத் தெரியும். அதுதான் என்று நினைத்துக்கொண்டு அவன் மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தான். இரண்டு மூடிகளும் இறுக்கமாகவே இருந்தன. எழுந்து வந்து, இந்த முறை வரிகளை நிதானமாகப் படித்தான்.

ஐந்து வரிகளில் 'இருக்கேன்'. ஆறாவதில் 'இருக்கா'.

அந்தச் சொல்லை அவன் எங்கும் எழுதவில்லை. பழைய பாடத்தில் ஏதாவது மிச்சம் இருக்குமா? ஆனால் தோட்டத்து ஆபீசில் எந்த வெள்ளைக்காரன் தமிழில் பாடம் எழுதினான்? கை தானாக மேசைமேல் கிடந்த ஆறாவது அட்டையைத் தொட்டது. காலையில் காய்ந்து வெடித்திருந்த செம்மண் விரலில் ஒட்டியது. ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனான். ரப்பர் பாலில் ஊற்றும் மருந்தின் நெடி. கண்ணைக் கரித்து, நெஞ்சு வரை இறங்கும் நெடி. அதை முகர்ந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

அன்றும் இப்படித்தான் இடியோடு மழை வந்தது. மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் பாதி நிறைந்திருந்தபோதே காற்று சுழன்று வந்து, பால்மரக் காட்டில் கிளைகள் முறிந்து விழ, ஆட்கள் வாளிகளோடு ஸ்டோருக்கு ஓடி வந்தார்கள். காற்றடித்தால் மறுபடி பெயர் கூப்பிட்டு ஆள் எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் ஐயாவு தூணருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கத்தினார். மத்தியாஸ் கையில் குடையோடு நின்றான். தாப்பா பஸ் வரும் நேரம். பஸ் நிலையத்தில் எல்ஸி காத்திருப்பாள். கல்யாணப் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. "ராக்காயி!" என்று ஐயாவு கத்தினார். பதில் இல்லை. இரண்டாம் முறை கத்தினார். பால் வாளிகளுக்கு அப்பால் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு தலை தெரிந்தது. அது அவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "இருக்கா, இருக்கா. அடுத்த பேரச் சொல்லுங்க," என்றான் மத்தியாஸ்.

கிராணி சொன்னால் சொன்னதுதான். யாரும் தேடிப் போகவில்லை. மறுநாள் காலையில் அவள் பால் வெட்டும் மரநிரையின் கோடியில், விழுந்த மரத்துக்கடியில், மழைத்தண்ணீர் ஓடிய காண்வாயில் ராக்காயி கிடந்தாள். கால் மட்டும்தான் மாட்டியிருந்தது. பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்றார்கள், ஏனென்றால் கைக்கு எட்டிய மண்ணையெல்லாம் பறித்திருந்தாள். கத்திக் கத்தித் திறந்த வாய் நிறையச் செம்மண். பேர் கூப்பிட்டபோது யார் பதில் சொன்னது என்று துரை கேட்டார். அவளேதான் சொன்னாள் என்றான் மத்தியாஸ். ஐயாவு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

இடி மிக அருகில் இறங்கியது. மத்தியாஸ் திருப்புளியை எடுத்து, ஆறாவது அட்டையின் சில்லை நெம்பிக் கழற்றினான். தாளை உரித்தான். கொண்டுவந்திருந்த ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அழியட்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அவன் அசையவில்லை. மூடியின் விளிம்பில் ஊதா வெளிச்சம் நூலாகக் கசிந்தது. மழை இறங்கிவிட்டது, ஆனால் அந்தச் சத்தம் ஓட்டின்மேல் விழும் சத்தமாக இல்லை. இலைகளின்மேல் விழும் சத்தம். ஆயிரக்கணக்கான இலைகளின்மேல்.

சில்லை வெளியே எடுத்தான். அதில் இனி ஒன்றும் இருக்க முடியாது. பெரட்டை மறுபடி ஓட்டினான்.

இருக்கா.
இருக்கா.
இருக்கா.
இருக்கா.
இருக்கா.
இருக்கா.

அவன் எதையும் தொடவில்லை. திரை தானாகத் துடைத்துக்கொண்டது. மேல்மூலையில் ஒரே ஒரு சொல் எழுந்தது.

ராக்காயி

அதன் பக்கத்தில் பச்சைக் கட்டம் ஒன்று மின்னி மின்னிக் காத்திருந்தது. பெயர் கூப்பிட்டாகிவிட்டது. பதில் வேண்டும். மத்தியாஸின் சட்டை முதுகோடு ஒட்டியது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இந்த ஒரு பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்றும் தோன்றியது. பதினாறு வருஷம் தாமதமாக, அவன் தட்டினான்.

இல்ல

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மழைச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. பிறகு அடுத்த பெயர்.

மத்தியாஸ்

அவன் விசைகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்காக ஆறு வரிகள் சொல்லின.

இருக்கான்.

பின்னால் இரும்பு மோதியது. திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. முட்டுக்கொடுத்த மரப்பெட்டி அவன் காலடியில் இருந்தது. நனைந்து. தோட்டத்தின் பெயர் அவனைப் பார்த்தபடி.

கதவில் பாய்ந்தான். உள்பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை. வழவழப்பு. அறைந்தான். சத்தம் எழவில்லை, ஈர மண்ணில் அறைந்ததுபோல். உடையப்பா என்று கத்த வாயைத் திறந்தான்.

நாக்கில் மண்.

குளிர்ந்த மண். துப்பினான். இன்னும் வந்தது.

படிகளில் செருப்புச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், உடையப்பனின் குரல்.

"மத்தியாஸ் அண்ணே! அக்கா போன் பண்ணாங்க. இன்னும் இருக்கீங்களா?"

மத்தியாஸ் இரண்டு கைகளாலும் வாயைத் தோண்டினான். அவன் தோளுக்குப் பின்னால் இருட்டில் யாரோ மூச்சு இழுத்தார்கள். பிறகு பதில் சொன்னார்கள். மத்தியாஸின் குரலில்.

"இருக்கேன் லா."

"கதவச் சாத்திட்டீங்களே. தொறக்கட்டா?"

"வேணாம். தூசி வரும். நீ போ."

"சரிண்ணே."

செருப்புச் சத்தம் இறங்கியது. மெல்ல. ஒவ்வொரு படியாக.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக்காரர்கள் கைப்பிடியைத் திருப்பியதும் கதவு லேசாகத் திறந்துகொண்டது. மத்தியாஸ் கதவடியில் கிடந்தான். விரல்களில் நகம் இல்லை. அந்த மாடியில் எங்குமே அவ்வளவு மண் கிடையாது. அவன் வாயிலும் தொண்டையிலும் செம்மண் இடித்து நிரப்பியதுபோல் இருந்தது, நடுவே ஒரு ரப்பர் இலை. திங்கட்கிழமை இரவுவரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எல்ஸி பிள்ளைகளோடு சித்தியவானில் தன் தங்கை வீட்டுக்குப் போய், அங்கேயே தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தாள். ஐயாவு அதற்கு முன்பே செத்திருந்தார். சோங், அட்டைகளை மறுபடி பெட்டியில் அடுக்கி, ஐந்து என்று சொல்லி லூமுட்டில் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் வாரம் முடிவதற்குள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, காரணம் சொல்லாமல் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உடையப்பன் காவல் வேலையை விட்டுவிட்டான். திங்கட்கிழமை மத்தியானம் எல்ஸி கொடுத்தனுப்பிய சாப்பாட்டை அந்தக் கதவுக்கு வெளியே வைத்தவன் அவன்தான். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஏறிப் போய், தூக்குச்சட்டி தொடாமல் இருப்பதைப் பார்த்து, கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறான்: "அண்ணே, இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து பதில் உடனே வந்தது என்றான். ஆனால் இந்த முறை அது ஒரு பொம்பளைக் குரல்.

"இருக்கான், இருக்கான். அடுத்த பேரச் சொல்லுங்க."