பச்சைப் புள்ளி

மவுஸ் அசைகிற விதத்தைப் பார்த்தே, அதன் மேல் மனிதக் கை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருந்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், டீம் லீடராக இருந்தான். பெயர் ராகேஷ். இந்தச் செய்தியை உலகம் இன்னும் அறியவில்லை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமை மீட்டிங்கிலும் ராகேஷே அறிவித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டருக்கு நாடி மாதிரி எனக்கு மவுஸ். மனுஷன் பொய் சொல்லுவான், திரை சொல்லாது. என்னை ஏமாத்த ஒருத்தர் இனிமேதான் பொறக்கணும்."

அவனுக்குக் கீழே நாற்பது பெண்கள். ஆவடி, வெள்ளானூர், பூந்தமல்லி என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள். கம்ப்யூட்டர் கம்பெனி கொடுத்தது. அதற்குள் கம்பெனி வைத்த ஒரு சாஃப்ட்வேர், திரையில் நடப்பதையெல்லாம் பதிவு செய்து ராகேஷுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மவுஸ் அசைந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அசையாவிட்டால் சாம்பல். சாம்பலான அடுத்த கணம் ராகேஷ் தட்டுவான்: "இருக்கீங்களா?"

பூந்தமல்லிப் பெண் ஒருத்தி மவுஸைக் கயிற்றால் டேபிள் ஃபேனில் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். ஃபேன் தலையை ஆட்ட ஆட்ட மவுஸும் ஆடும், புள்ளி பச்சையாகவே இருக்கும். ராகேஷ் கண்டுபிடித்தான். கட்டிய கோலத்திலேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, திங்கட்கிழமை மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டு, "பாருங்க, அம்பத்தூர் ரோபோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டான்.

அதனால்தான் அந்த நாற்பதில் ஒருத்தியான பானுப்பிரியா இறந்தது அவனுக்குப் பெரிய தலைகுனிவாகப் போய்விட்டது. அவள் இறந்ததால் அல்ல. இறந்த பிறகும் சாயங்காலம் வரை பச்சையாகவே இருந்ததால்.

வெள்ளானூர்க்காரி. ஒரு மதியம் மவுஸை நாடாவால் டேபிள் ஃபேனில் கட்டிவிட்டுத் தரையில் படுத்திருக்கிறாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த அம்மா, திரையில் ஏதோ நகர்வதைக் கண்டு, மகள் வேலையாக இருக்கிறாள் என்று தொந்தரவு செய்யாமல் போய்விட்டாள். விளக்கேற்றும் நேரத்தில்தான் கதவைத் தள்ளியிருக்கிறாள்.

"செத்த ஆளை ஆக்டிவ்னு காட்டுதே உங்க சாஃப்ட்வேர்," என்றது மேலிடம். "வேற ஒண்ணு பாருங்க ராகேஷ். வெள்ளிக்கிழமை டெமோ."

சோதித்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சும்மா கிடப்பது ஒன்றுதான்.

*

வெள்ளானூரில் புது அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்த ஓட்டு வீடு மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தது. உச்சி வெயில். சிஸ்டம் அட்மின் செங்கல்வராயன் வேனை நிழலில் நிறுத்தினான். பிறந்து வளர்ந்தது எல்லாம் அம்பத்தூர். எழவு வீட்டுக்குள் செருப்போடு நுழையப்போன ராகேஷின் கையைப் பிடித்து இழுத்தவன் அவன்தான்.

பானுப்பிரியாவின் அம்மா பூங்காவனம் கதவருகே நின்றாள். பின்னால், மாலை போட்ட படத்தின் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் காரியம் முடியல நைனா. பதினாறு முடியங்காட்டியும் அவ பொழங்குன சாமான் எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. அப்பால நானே ஆட்டோல போட்டு அனுப்புறேன்."

"இது அவங்க சாமான் இல்லம்மா. கம்பெனி சாமான்."

"அவ கை பட்டதுதான?"

"சார், உட்டுடலாம் சார்," என்று செங்கல்வராயன் காதருகே முனகினான். "பாவம், கெய்வி. ஒரு வாரம்தான?"

"வெள்ளிக்கிழமை டெமோவுக்கு உன் தலையைத் திறந்து காட்டட்டுமா?"

பூங்காவனம் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. விலகி வழி விட்டாள்.

"எடுத்துக்கினு போ. எம் பொண்ணு கையில எடுத்த வேலைய பாதில உட்டதே கெடையாது. அத்த மட்டும் நெனப்புல வச்சிக்கோ."

அறையில் தைல வாடை அடித்தது. நெஞ்சில் தேய்த்துக்கொள்வார்களே, அந்தத் தைலம். வேன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டும் அம்பத்தூர் வரை அது கூடவே வந்தது.

*

மறுநாள் காலை, அந்தக் கம்ப்யூட்டரை நசரத்பேட்டையில் தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து வைத்து ராகேஷ் வேலையைத் தொடங்கினான். தனிக்கட்டை. வெளியே பெங்களூர் ரோட்டில் லாரிகள் இரைந்தன. மூன்று சாஃப்ட்வேர்களை இறக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் ஓட விட்டு, மவுஸைத் தொடாமல் எழுந்து போய்விட வேண்டும். புள்ளி எவ்வளவு சீக்கிரம் சாம்பலாகிறது, பதிவில் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலாவது இலவசம். திரைக்கு நடுவில் தன் பெயரைச் சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஓட விட்டுவிட்டு டீ போடப் போனான். திரும்பி வந்தபோது திரையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தான்.

பதிவில் மவுஸ் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது.

இடப்பக்கம் போய், நின்று, வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம். பிறகு ஒரு படிவம் திறந்துகொண்டது. பெயர், ஊர், வயது என்று ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. ஒரு தவறு இல்லை. அப்படித் தவறில்லாமல் தட்டுகிற ஆள் அவன் டீமில் ஒருத்திதான் இருந்தாள்.

ராகேஷ் யோசித்தான். பழைய ஃபைல் ஏதோ கலந்துவிட்டது என்று முடிவு செய்தான். மூளை உள்ளவர்கள் அப்படித்தான் முடிவு செய்வார்கள். 'நம்ப முடியாதது. வேண்டாம்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

இரண்டாவது, கொஞ்சம் பெரிய இடம். திரையோடு சேர்த்து, உட்கார்ந்திருக்கிறவர் முகத்தையும் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் காட்டும். ஓட விட்டுவிட்டு பால்கனியில் போய் நின்றான். வந்து பதிவைப் பார்த்தான்.

ஓரத்துக் கட்டத்தில் அவனுடைய நாற்காலி தெரிந்தது. காலியாக இருந்தது. இருக்க வேண்டியதும் அப்படித்தான்.

ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

யாரோ உட்கார்ந்திருப்பது போல நடுவில் குழிந்து, மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கியது.

ராகேஷ் எழுந்து நின்றான். உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் செங்கல்வராயனுக்குப் போன் போட்டான்.

"செங்கல், இந்த சிஸ்டத்துக் கேமராவுல ஏதாவது பழைய வீடியோ தேங்கி நிக்குமா?"

"இன்னா சார் சொல்றீங்க? நம்ம பொட்டி எதுலயும் கேமராவே கெடையாதே. நீங்கதான வேணாம்னீங்க, எல்லாம் நைட்டியோட ஒக்காந்துகினு கீறாங்க, பாக்க சகிக்கலன்னு?"

ராகேஷ் மானிட்டரைப் பார்த்தான். சுற்றிலும் தடவிப் பார்த்தான்.

கேமரா இல்லை.

அறைக்குள் தைல வாடை வந்தது.

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வேனில் ஏற்றி, வெள்ளானூரில் இறக்கிவிட்டு, பூங்காவனத்தின் காலில் விழுந்திருப்பான். ராகேஷுக்கு வெள்ளிக்கிழமை டெமோ இருந்தது. 'படம் தெளிவு' என்று எழுதிவிட்டு, மூன்றாவதைத் திறந்தான்.

அதில் படத்தோடு ஒலியும் பதியும். ஓட விட்டான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. லாரிச் சத்தம்கூட இல்லை. பதிவை நிறுத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

டேபிள் ஃபேன் ஓடுகிற சத்தம். தலை திரும்பும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு இடறல்.

பிறகு ஒரு பெண் குரல். "சார், நெஞ்சு ஒரு மாரி பெசையுது சார். கொஞ்ச நேரம் படுத்துக்கினு வரட்டா?"

பதிலுக்கு ஓர் ஆண் குரல். சிரிப்பு கலந்த, களைப்பில்லாத குரல். அது தன்னுடையதுதான் என்று தெரிய ராகேஷுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க நெஞ்சுவலி சாஃப்ட்வேருக்குத் தெரியாதும்மா. புள்ளி சாம்பல் ஆச்சுன்னா லீவுக் கணக்குதான். பச்சையா வச்சிட்டு என்ன வேணா பண்ணுங்க."

நாடா உருவுகிற சத்தம். முடிச்சுப் போடுகிற சத்தம். பாய் விரிகிற சத்தம். மூச்சு. திணறிய மூச்சு. நீண்ட மூச்சு.

ஃபேன் மட்டும்.

எங்கோ வெளியிலிருந்து பூங்காவனத்தின் குரல். "பானு, சாப்ட்டியா?" பதில் இல்லை. "வேலையா கீறா போல."

டக். டக்.

பிறகு ஹெட்செட்டுக்குள், காது மடலில் உதடு உரசுகிற நெருக்கத்தில், அதே பெண் குரல்.

"சார். இருக்கீங்களா?"

அவன் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். திரையின் மூலையில் பச்சைப் புள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் பெயர் இருந்தது. பானுப்பிரியாவின் பெயர் அல்ல. அவன் பெயர்.

புள்ளி சாம்பலாக மாறியது.

நெஞ்சின் மேல் யாரோ முழங்கையை ஊன்றினார்கள்.

அவசரமே இல்லாமல், மாவு பிசைகிற நிதானத்தில், அது அழுத்தியது. இடது தோள் மரத்தது. கண் இருட்டியது. ராகேஷ் தவழ்ந்து போய் மேஜையைப் பற்றி, மவுஸைத் தொட்டான்.

பச்சை.

மூச்சு வந்தது.

கையை எடுத்தான். சாம்பல். முழங்கை. தொட்டான். பச்சை. மூச்சு.

எட்டி மின்வயரைப் பிடுங்கிப் பார்த்தான். திரை இருண்டது. நெஞ்சு இருண்டது. வயரை மறுபடி செருகி, திரை வெளிச்சமாகி, மவுஸ் கைக்குக் கிடைக்கும்வரை, தான் உயிரோடு இருக்கிறோமா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு அவன் கையை எடுக்கவில்லை.

மதியம் போனது. சாப்பிடவில்லை. கழிவறைக்குப் போகவில்லை. மணிக்கட்டு வீங்கியது. வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி அசைத்தான். கண் சொக்கிச் சாய்ந்தபோதெல்லாம் முழங்கை வந்து எழுப்பியது. திரையில் ஒரு படிவம் திறந்தபடி நின்றது. பெயர் என்ற கட்டத்தில் 'ராகேஷ்' என்று இருந்தது. மற்ற கட்டங்கள் காலி.

மாலை வெயில் பால்கனிக் கம்பியில் சாயும்போது இடது கையால் போனை எடுத்தான்.

"செங்கல். என் வீட்டுக்கு வா. வரும்போது கரையான்சாவடியில ஒரு டேபிள் ஃபேன் வாங்கிட்டு வா."

"ஏசி கீதே சார்?"

"வாங்கிட்டு வா."

"சரி சார். சும்மா நிக்கிறதா, தலைய ஆட்டுறதா?"

ராகேஷ் மவுஸை ஒரு முறை இடமும் வலமும் ஆட்டினான்.

"தலைய ஆட்டுறது."

செங்கல்வராயன் போனை வைத்துவிட்டான்.

கதவு தாழிடாமல்தான் இருந்தது. செங்கல்வராயன் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான். ராகேஷின் முகத்தைப் பார்த்தான். வீங்கிய கையைப் பார்த்தான். தைல வாடையை மோந்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

"இன்னா சார் இது?"

"டெஸ்டிங்."

"கெளம்புங்க சார், அந்தம்மா கால்ல போய் உய்ந்துடலாம். நான் வண்டி எடுக்கிறேன்."

"கையை எடுக்க முடியாது செங்கல். கையை எடுத்தா..." ராகேஷ் முடிக்கவில்லை. "ஃபேனை மேஜைக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போ. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் ஒண்டியா போயி அந்தம்மாவ இட்டுக்கினு வர்றேன். அதுவரிக்கும் தாங்குவீங்களா?"

ராகேஷ் தலையாட்டினான். செங்கல்வராயன் ஃபேனை வைத்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கிப் போனான். வேன் உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ராகேஷ் ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே, மறு கையால் தன் டிராக் பேண்ட் நாடாவை உருவினான். ஒரு முனையைப் பல்லால் கடித்து மவுஸில் முடிந்தான். மறுமுனையை ஃபேன் கூண்டில் கட்டினான். ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் இடப்பக்கம் திரும்பியது. நாடா விறைத்தது. மவுஸ் இடப்பக்கம் நகர்ந்தது.

கையை எடுத்தான்.

பச்சை.

அவனுக்கு அழுகை வந்தது. அப்படியே தரையில் சரிந்து, குளிர்ந்த டைல்ஸில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்தான். கொஞ்ச நேரம்தான். கண்ணை மூடப்போனவன், மூடாமல் தலையைத் தூக்கி மேஜையைப் பார்த்தான்.

இந்த வித்தையில் ஒரு நுணுக்கம் உண்டு. நாடா இழுக்கும், தள்ளாது. ஃபேன் எதிர்ப்பக்கம் திரும்பும்போது நாடா தொய்ந்துவிடும், மவுஸ் போன இடத்திலேயே கிடக்கும். அதனால் கட்டுகிறவர்கள் மறுபக்கம் ஒரு ரப்பர் பேண்ட் போடுவார்கள். அதுதான் மவுஸைத் திரும்ப இழுக்கும். போட்டோவைப் பார்த்துச் சிரித்த அவசரத்தில் ராகேஷ் அதைக் கவனித்திருக்கவில்லை.

ஃபேன் வலப்பக்கம் திரும்பியது. நாடா தொய்ந்து மேஜை மேல் விழுந்தது.

டக்.

மவுஸ், எந்த அவசரமும் இல்லாமல், வலப்பக்கம் திரும்பி வந்தது.