வாளைத் தேடி வந்த தீப்பந்து

அந்தி மயங்கும் வேளையில் பொருநை நதியில் ஓடமேறிப் போயிருக்கிறீர்களா, வாசக அன்பர்களே? மேற்கே பொதிகையின் முகடுகள் கருமேகப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ள, கிழக்கே அப்போதுதான் தலைகாட்டிய நிலவு ஓடும் நீரெல்லாம் வெள்ளியை உருக்கி வார்க்க, இரு கரை மருதமரங்களும் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஆனால் ஓடத்தில் அமர்ந்திருந்த மருதூர் இளவரசி நீலநங்கை இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. மறுநாள் எதிர்க்கரைக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். மணமகனோ ஒரு வாள்!

திகைக்க வேண்டாம். போர்முனையிலிருந்து வர முடியாத மன்னர்கள் தங்கள் உடைவாளை அனுப்புவதும், மணமகள் அதற்கு மாலையிட்டு மனைவியாவதும் அக்காலத்து வழக்கந்தான். செங்குன்ற நாட்டு மன்னர் கடம்பமாறரும் அப்படி அனுப்பியிருந்தார். மாலை விழும்வரை அந்த வாள் மண்ணிலோ நீரிலோ படக்கூடாது. பட்டால், சுமந்து வந்தவனின் தலை தப்பாது.

சுமந்து வந்த வீரன் பெயர் எயினன். மருதூரில் விருந்தாளியாய்த் தங்கிய சில நாட்களிலேயே, தன் பேச்சாலும் சிரிப்பாலும் இளவரசியின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டான். மனம் முறை பார்த்தா போகிறது?

"மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்" என்று செவிலித்தாய் கோதையம்மை அடம்பிடித்து, பட்டு விரித்த பீடத்தில் வாளை இளவரசியின் அருகே கிடத்தியிருந்தாள்.

"எயினரே, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என்னைக் கொள்ளப் போகிறாரே உம் மன்னர். அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் இந்த இரும்பிடமா சொல்வேன்?" என்று கேட்டாள் நீலநங்கை.

எயினன் வாய் திறக்குமுன் வானம் பிளந்தது போல இடி இடித்தது. "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று அலறிய கோதையம்மை முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். ஆகவே, அதன்பின் நிகழ்ந்த அதிசயத்தை அந்த அம்மாள் காணக் கொடுத்து வைக்கவில்லை.

"சாமி! அங்க பாருங்க, கொள்ளிவாய்ப் பிசாசு வருது!" என்று துடுப்பை நிறுத்திவிட்டு நடுங்கினான் ஓடக்காரன் சாத்தன்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பனங்காய் அளவில், செம்பொன் நிறத்தில் ஒரு தீப்பந்து வந்துகொண்டிருந்தது. காற்று கிழக்கே வீச, அதுவோ மேற்கே வந்தது! அவசரமே இல்லாமல், புதிய ஊரில் உறவினர் வீட்டைத் தேடுகிறவரைப் போல அங்குமிங்கும் தயங்கித் தயங்கி வந்து, ஓடத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்தது. மெல்லிய சீறல் கேட்டது. கந்தகம் எரிந்த நெடி வீசியது.

"அசையாதீர்கள், தேவி. மூச்சைக்கூட மெல்ல விடுங்கள்" என்றான் எயினன்.

நீலநங்கைக்குப் பயம் தோன்றவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை இனி இந்தப் பிறவியில் காணப் போவதில்லை என்றுதான் தோன்றியது. அதற்குள் வாளின் பிடியில் நீலப்பொறிகள் பறந்தன. தீப்பந்து தயக்கத்தை விட்டுவிட்டு வாளை நோக்கி, அதாவது அவளை நோக்கி, நேராக நகர்ந்தது.

எயினன் பாய்ந்தான். வாளை வெறுங்கையால் பற்றி ஆற்றின் நடுவே வீசியெறிந்தான். பந்து அதன் பின்னாலேயே திரும்பிச் சென்று, வாள் மூழ்கிய இடத்தில் பேரோசையுடன் வெடித்து மறைந்தது.

கோதையம்மை முந்தானையை விலக்கிப் பார்த்தாள். "ஐயையோ! மாப்பிள்ளை ஆற்றோடு போய்விட்டாரே!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நீலநங்கை எயினனின் கையைப் பற்றினாள். உள்ளங்கை வெந்து போயிருந்தது. தன் மேலாடையைக் கிழித்து நனைத்துக் கட்டியபோது அவள் கண்ணீரும் அதில் விழுந்தது.

"வாளை எறிந்தவள் நான். கரை சேர்ந்ததும் அப்படித்தான் சொல்வேன்."

"வேண்டாம், தேவி! மணம் முறிந்துவிடும். உலகம் உங்களைப் பழிக்கும்."

"பழிக்கட்டும். உம் தலை உம் தோள்மேல் இருந்தால் எனக்குப் போதும்."

"ஒரு வாள்சுமப்பவனுக்காகவா?"

"ஆம். அவனுக்காகத்தான்."

எயினன் வாள் மூழ்கிய இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அதற்காக யாரும் தலை கொடுக்க வேண்டியதில்லை, நீலநங்கை. என் வாளை நான்தான் எறிந்தேன்" என்றான்.

கோதையம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். வாசகர்களில் சிலர் முன்பே ஊகித்திருக்கலாம். பாவம், இளவரசி ஊகிக்கவில்லை. பற்றியிருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

"கடம்பமாறரா? தங்களைப் பற்றித் தங்களிடமே இத்தனை நாளும் நான் எவ்வளவு திட்டினேன்! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்?"

"அத்தனையும் நியாயமான திட்டு. மனமில்லாத பெண்ணை மணக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் மனத்தை அறியவே வேடமிட்டு வந்தேன். உங்களை ஏமாற்றியது பிழைதான்."

காயம்படாத கையில் ஆற்றுநீரை அள்ளினான் மன்னன். "பொருநை மீது ஆணை! இனி எனக்குப் பதிலாக என் வாள் உங்கள் வாசலில் வந்து நிற்காது. அழைத்தால் நானே வருவேன். வேண்டாமென்றால் நானே போய்விடுவேன், உங்கள் தந்தையோடுள்ள நட்பும் குறையாது. நாளை கோயிலில் பதில் சொல்லுங்கள்."

"நாளைவரை எதற்கு?" என்றாள் நீலநங்கை.

பூக்கூடையிலிருந்த மணமாலையை எடுத்து அவன் தலைமேல் இட்டாள். வாளின் பிடிக்கென்று தொடுத்த சின்ன மாலை அது. நெற்றியோடு நின்றுவிட்டது. கோபம், கண்ணீர் எல்லாம் போய், அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. மாலையைக் கழற்றி, நாரை அவிழ்த்து, "குனியுங்கள்" என்று சொல்லி, அவன் பிடரியில் மறுபடி முடிச்சிட்டாள். அந்த ஒரு முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் ஓடம் கரை சேர்ந்துவிட்டது.